ரோட்டரி எஞ்சின் எத்தனை சி.சி.? - ஒரு கணக்கு வழக்கு

மக்களே, ஒரு சின்னக் கேள்வி. மாஸ்டா ஆர்.எக்ஸ்-8 காரின் எஞ்சின் எத்தனை லிட்டர்?

தேடிப் பார்த்தால் 1.3 லிட்டர் என்று வரும். கம்பெனிக் கணக்கும் அதுதான். கார்ப் பைத்தியங்களில் பாதிப் பேர், "அதெல்லாம் சும்மா, நிஜத்தில் அது 2.6 லிட்டர்" என்பார்கள். இன்னும் கொஞ்சம் விவரமானவர்கள், "ரெண்டு பேர் சொல்றதும் தப்பு, 3.9 லிட்டர்" என்று அடித்துச் சொல்வார்கள். ஒரே எஞ்சின், மூன்று விடை. பக்கத்துக் கடையில் ஒரு கிலோ சர்க்கரை வாங்கி வந்து மூன்று தராசில் போட்டு, ஒன்றில் ஒரு கிலோ, இன்னொன்றில் ரெண்டு, மற்றொன்றில் மூன்று என்று காட்டினால் சும்மா இருப்போமா? எஞ்சின் விஷயத்தில் மட்டும் ஏன் இத்தனை வருடமாகச் சும்மா இருக்கிறோம்?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று எண்ணுமே பொய் இல்லை. ஆனால் சாதாரண காரோடு பக்கத்தில் வைத்துப் பேசும்போது சொல்ல வேண்டிய எண் 2.6 தான். 1.3 என்று சொல்வது அந்த எஞ்சினைத் தூக்கிப் பிடிப்பவர்களையும் ஏமாற்றுகிறது, திட்டுபவர்களையும் ஏமாற்றுகிறது. ஏன் என்று கீழே கணக்கோடு சொல்கிறேன். மெக்கானிக்கல் படிக்காதவர்களும் பயப்படாமல் வரலாம், பெருக்கல் தெரிந்தால் போதும் :-)

முதலில், சி.சி. என்றால் என்ன?

பிஸ்டன் எஞ்சினில் இது சுலபம். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. உச்சியிலிருந்து அடி வரை போகும்போது அது கடக்கும் இடத்தின் கன அளவுதான் அந்த சிலிண்டரின் சி.சி. எத்தனை சிலிண்டரோ அத்தனையால் பெருக்கினால் எஞ்சினின் சி.சி.

நம் எல்லோருக்கும் தெரிந்த மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் விட்டம் 68.5 மி.மீ., பிஸ்டன் போய்வரும் தூரம் 72 மி.மீ. வட்டத்தின் பரப்பைக் கண்டுபிடித்து 72ஆல் பெருக்கினால் 265 சி.சி. சொச்சம் வரும். மூன்று சிலிண்டருக்கு 796 சி.சி. அதை முழுசாக்கித்தான் 800 என்று பெயர் வைத்தார்கள்.

இந்தக் கணக்கில் நாம் வாய்விட்டுச் சொல்லாமல் விட்ட விஷயங்கள் இரண்டு. ஒன்று, எல்லா சிலிண்டரையும் கூட்டுகிறோம், எதையும் விடுவதில்லை. இரண்டு, அந்த 796 சி.சி. காற்றை உள்ளே இழுக்க எஞ்சின் எத்தனை சுற்று எடுத்துக்கொள்கிறது என்று சொல்வதில்லை. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் இரண்டு சுற்று. முதல் சுற்றில் இழுத்து அமுக்கும், இரண்டாம் சுற்றில் எரித்து வெளியேற்றும். ரோட்டில் ஓடும் கார் எல்லாமே ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் "இரண்டு சுற்றுக்கு" என்ற வார்த்தையை யாரும் சொல்வதில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. சொல்லாமல் விட்ட அந்த வார்த்தைதான் ரோட்டரி எஞ்சினில் வந்து வம்பு பண்ணுகிறது.

ரோட்டரி எப்படி வேலை செய்கிறது?

ஒரு விளக்கம். முதல் உலகப்போர் விமானங்களில் சிலிண்டர்களே சேர்ந்து சுற்றும் எஞ்சின்கள் இருந்தன, பிரான்ஸின் நோம் எஞ்சின் மாதிரி. அவற்றுக்கும் ரோட்டரி என்றுதான் பெயர். அவற்றில் பிஸ்டன் உண்டு, மேலே சொன்ன கணக்கே போதும். நான் பேசுவது ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல் பெயரில் வழங்கும் எஞ்சினைப் பற்றி. என்.எஸ்.யு. கம்பெனியில் 1957இல் இதன் முதல் மாதிரி ஓடியது. அதில் உள்ளே இருக்கும் ரோட்டரோடு வெளிக்கூடும் சேர்ந்து சுற்றியது. கூடு நிலையாக நிற்க, ரோட்டர் மட்டும் சுற்றும் எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அங்கே இருந்த இன்னொரு எஞ்சினியர், ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே. 1964இல் என்.எஸ்.யு. ஸ்பைடர் வந்தது. 1967இல் என்.எஸ்.யு. ஆர்.ஓ. 80, மாஸ்டா காஸ்மோ ஸ்போர்ட் இரண்டும் வந்தன. பிறகு மற்றவர்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, மாஸ்டா மட்டும் விடாப்பிடியாக நின்றது. 2003 முதல் 2012 வரை ஆர்.எக்ஸ்-8. 2023இல் எம்.எக்ஸ்-30 காரில் பேட்டரிக்கு மின்சாரம் தயாரிக்கும் வேலைக்கு ஒற்றை ரோட்டர் எஞ்சின் ஒன்றை மறுபடி கொண்டுவந்தார்கள்.

இப்போது உள்ளே பார்ப்போம். இடுப்பு லேசாக ஒடுங்கிய, கொழுத்த 8 மாதிரி ஒரு கூடு. அதற்குள் பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோணம், அதுதான் ரோட்டர். முக்கோணத்தின் மூன்று முனைகளும் எந்நேரமும் கூட்டின் சுவரை உரசிக்கொண்டே இருக்கும். ஆகவே ரோட்டருக்கும் சுவருக்கும் நடுவே எப்போதும் மூன்று அறைகள். ரோட்டர் சுற்றச் சுற்ற ஒவ்வொரு அறையும் பெருத்து, சிறுத்து, மறுபடி பெருத்து, மறுபடி சிறுக்கும். முதல் பெருப்பில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும். முதல் சிறுப்பில் அமுங்கும். இரண்டாம் பெருப்பு எரிந்து தள்ளுவது. இரண்டாம் சிறுப்பு புகையை வெளியேற்றுவது. வால்வு இல்லாத ஃபோர் ஸ்ட்ரோக், அவ்வளவுதான். ஒரே ரோட்டரில் மூன்று அறையிலும் மூன்று வெவ்வேறு கட்டங்கள் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும்.

இங்கேதான் முக்கியமான மேட்டர் வருகிறது. ரோட்டர் நேராக மையத்தில் சுற்றுவதில்லை. மையம் விலகிய ஒரு தண்டின்மேல் உட்கார்ந்து ஆடி ஆடிச் சுற்றுகிறது. உள்ளே இருக்கும் பற்சக்கரங்களின் விகிதத்தால் ரோட்டர் ஒரு முறை சுற்றும்போது தண்டு மூன்று முறை சுற்றிவிடும். டாக்கோமீட்டர் முள் காட்டுவது தண்டின் வேகத்தை. முள் 9000 காட்டும்போது ரோட்டர் சுற்றுவது நிமிடத்துக்கு 3000 முறைதான்.

ஒரு அறை தன் நான்கு கட்டத்தையும் முடிக்க ரோட்டர் ஒரு முழுச் சுற்று வர வேண்டும், அதாவது தண்டுக்கு மூன்று சுற்று. மூன்று அறை இருப்பதால், தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏதாவது ஒரு அறை காற்றை இழுத்து முடிக்கும், ஏதாவது ஒரு அறை எரியும். இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுக்க இதிலிருந்துதான் வரும்.

சரி, எப்படி அளப்பது?

ஓர் அறையின் சி.சி. என்பது, அது மிகப் பெருத்திருக்கும்போது உள்ள கன அளவிலிருந்து மிகச் சிறுத்திருக்கும்போது உள்ள கன அளவைக் கழித்தால் வருவது. பிஸ்டனுக்குச் சொன்ன அதே இலக்கணம். அறையோ கோணல்மாணலான வடிவம், அதை எப்படிக் கணக்குப் போடுவது என்று பயப்பட வேண்டாம். கணித ஆசாமிகள் முடித்து வைத்துவிட்ட சூத்திரம் இதோ:

ஓர் அறையின் கொள்ளளவு = 3 × √3 × விலகல் × ஆரம் × அகலம்

விலகல் என்பது தண்டின் மையத்துக்கும் ரோட்டரின் மையத்துக்கும் உள்ள தூரம். ஆரம் என்பது ரோட்டரின் மையத்திலிருந்து முனை வரை. அகலம் என்பது ரோட்டரின் தடிமன். மூன்றே அளவு. வெர்னியர் காலிப்பர் கையில் இருந்தால் ஒர்க்‌ஷாப்பிலேயே அளந்துவிடலாம்.

ஆர்.எக்ஸ்-8 எஞ்சின் மாஸ்டாவின் 13பி என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் விலகல் 15 மி.மீ., ஆரம் 105 மி.மீ., அகலம் 80 மி.மீ. மூன்றையும் பெருக்கினால் 1,26,000. அதை 3√3, அதாவது 5.196ஆல் பெருக்கினால் ஆறு லட்சத்து ஐம்பத்து நாலாயிரத்துச் சொச்சம் கன மில்லிமீட்டர். ஆயிரத்தால் வகுத்தால் 654 சி.சி. சொச்சம். கம்பெனி சொல்வதும் 654 தான். ஆக அறையின் அளவில் யாருக்கும் சண்டை இல்லை.

இதில் ஓர் அழகு உண்டு. மாஸ்டாவின் பழைய 10ஏ, 12ஏ எஞ்சின்களில் விலகலும் ஆரமும் இதே 15, 105 தான். அகலம் மட்டும் 60, 70. சூத்திரத்தில் போட்டால் 491, 573. கம்பெனிக் கணக்கும் அதேதான். ரோட்டரை ஒரு சென்டிமீட்டர் தடிமனாக்கினால் ஓர் அறைக்கு சுமார் 82 சி.சி. கூடும். தோசை மாவை அதே கல்லில் கொஞ்சம் கனமாக ஊற்றுவது மாதிரி.

ரோட்டரின் பக்கங்களில் ஒரு பள்ளம் இருக்குமே, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டாம். அந்தப் பள்ளம் அறை பெருத்திருக்கும்போதும் இருக்கும், சிறுத்திருக்கும்போதும் இருக்கும். கழிக்கும்போது அடிபட்டுப் போகும். அது மாற்றுவது கம்ப்ரஷன் விகிதத்தை மட்டும்தான். சூத்திரத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள், சிலிண்டர் ஹெட்டை அளப்பவர்கள் செய்வதுபோல, ஒரு பக்கத்து மூடியைக் கழற்றி கண்ணாடித் தகடு வைத்து, ப்யூரெட்டில் எண்ணெய் விட்டு இரண்டு நிலையிலும் அளந்து கழித்துப் பார்க்கலாம்.

ஒரு அறை 654, இரண்டு ரோட்டர், மொத்தம் ஆறு அறை. இதுவரை எல்லோருக்கும் சம்மதம். இனிமேல்தான் பங்காளிச் சண்டை.

மூன்று கட்சிகள்

முதல் கட்சி 1.3. ரோட்டருக்கு ஓர் அறையை மட்டும் எண்ணு, 654 × 2 = 1308. ரோட்டர் ஒவ்வொன்றும் தண்டின் ஒரு சுற்றுக்கு ஓர் அறை காற்றைத்தானே இழுக்கிறது என்பது இவர்களின் நியாயம். என்.எஸ்.யு. காலத்திலிருந்தே இதுதான் பழக்கம். ஆர்.ஓ. 80 எஞ்சினையும் 497.5 × 2 என்றுதான் குறித்தார்கள்.

இரண்டாவது கட்சி 3.9. ஆறு அறையும் இருக்கிறது, ஆறிலும் பெட்ரோல் எரிகிறது, அப்புறம் ஏன் நாலை விட்டுவிடுகிறாய் என்பது இவர்கள் கேள்வி. மாருதி 800இல் ஒரு சிலிண்டரை மட்டும் எண்ணி 265 சி.சி. என்று சொன்னால் ஒத்துக்கொள்வாயா? 654 × 6 = 3924. அகராதிப்படி பார்த்தால் இவர்கள் சொல்வதுதான் சரி. எல்லா அறையையும் கூட்டுவதுதானே பிஸ்டன் எஞ்சினின் இலக்கணம்.

மூன்றாவது கட்சி 2.6. சாதாரண கார் எஞ்சின் தன் சி.சி. முழுவதையும் இரண்டு சுற்றில் இழுக்கிறது. அதே இரண்டு சுற்றில் இந்த எஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்று பார். ஒரு சுற்றுக்கு 1308, இரண்டு சுற்றுக்கு 2616.

கவனித்தீர்களா? மூன்று கட்சியும் சொல்வது ஒரே விஷயத்தைத்தான். ஒரு சுற்றுக்கு 1.3, இரண்டு சுற்றுக்கு 2.6, மூன்று சுற்றுக்கு 3.9. ஒருவர் தினக்கூலி சொல்கிறார், ஒருவர் இரண்டு நாள் கூலி சொல்கிறார், ஒருவர் மூன்று நாள் கூலி சொல்கிறார். எத்தனை நாளைக்கு என்பதை மட்டும் மூன்று பேரும் சொல்லாமல் முழுங்கிவிட்டு, அப்புறம் யார் கூலி அதிகம் என்று அடித்துக்கொள்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் இரண்டு நாள் கூலியோடு என் கூலியை ஒப்பிட வேண்டுமென்றால் நானும் இரண்டு நாள் கூலியைத்தான் சொல்ல வேண்டும். உலகத்துக் கார் எல்லாம் இரண்டு சுற்றுக் கணக்கில் சி.சி. சொல்லும்போது ரோட்டரியும் அந்தக் கணக்கில்தான் சொல்ல வேண்டும். எனக்கு 2.6 சரியாகப் படுவது இதனால்தான்.

டார்க் சொல்லும் சாட்சி

வெறும் வாதம் போதாது, சாட்சி வேண்டும் என்பவர்களுக்கு டார்க் இருக்கிறது. டர்போ இல்லாத நல்ல பெட்ரோல் எஞ்சின் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 80 முதல் 110 நியூட்டன் மீட்டர் டார்க் தரும். இது பெரும்பாலும் எவ்வளவு காற்றை இழுத்து எரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் இதில் பெரிய ஏமாற்று வேலை செய்ய முடியாது.

ஜப்பானில் விற்ற ஆர்.எக்ஸ்-8 டைப் எஸ் தந்தது 250 குதிரைத்திறன், 216 நியூட்டன் மீட்டர். 216ஐ 1.3 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 165. டர்போ இல்லாத எந்தக் காரும் கனவில்கூட எட்டாத எண். 3.9ஆல் வகுத்தால் 55, டிராக்டருக்குக்கூட கேவலம். 2.6ஆல் வகுத்தால் 83. மேலே சொன்ன வரம்புக்குள், கொஞ்சம் கீழ்ப்பக்கமாக, சமர்த்தாக உட்கார்ந்துகொள்கிறது.

அதே காலத்து ஹோண்டா எஸ்-2000 இன்னொரு சாட்சி. 2 லிட்டர் பிஸ்டன் எஞ்சின். ஜப்பானில் அதுவும் 250 குதிரைத்திறன், டார்க்கும் ஏறக்குறைய இதே 218. லிட்டருக்கு 125 குதிரை. அந்தக் காலத்தில் எல்லோரும் வாயைப் பிளந்த எண் அது. ஆர்.எக்ஸ்-8ஐ 1.3 என்று வைத்தால் லிட்டருக்கு 191 குதிரை. ஹோண்டாவின் எஞ்சினியர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட வேண்டியதுதான். 2.6 என்று வைத்தால் லிட்டருக்கு 96 குதிரை. நல்ல எஞ்சின், ஆனால் மாயமந்திரம் எதுவும் இல்லை.

அப்போது 2.6 லிட்டர் காற்றை இழுத்தும் 2 லிட்டர் ஹோண்டா அளவுக்குத்தானே வேலை செய்கிறது என்று கேட்டால், ஆமாம். அறை நீண்டு தட்டையாக இருப்பதால் சுவர் வழியாகச் சூடு வீணாகிறது, நெருப்பு முழுசாகப் பரவுவதில்லை, முனைகளில் உள்ள சீல் வழியாகக் கொஞ்சம் கசிகிறது. அந்தக் குறை தெரிய வேண்டுமென்றாலும் முதலில் எண்ணைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

"அப்போ டூ ஸ்ட்ரோக்?"

இந்த இடத்தில் வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் கை தூக்குவார். யமஹா ஆர்.எக்ஸ். 100 டூ ஸ்ட்ரோக். அதுவும் ஒரு சுற்றுக்கு ஒரு முறை எரிகிறது. உன் கணக்குப்படி அதை 200 சி.சி. என்றல்லவா சொல்ல வேண்டும்? யாரும் அப்படிச் சொல்லவில்லையே?

நல்ல கேள்வி. ஆர்.எக்ஸ். 100 எஞ்சின் 98 சி.சி., 11 குதிரை. அதே காலத்து ஹீரோ ஹோண்டா சி.டி. 100 எஞ்சினும் 97 சி.சி. சொச்சம்தான், ஏழு குதிரை சொச்சம். இரண்டும் 100 சி.சி. என்று ஆர்.சி. புத்தகம் சொல்லும். ஆனால் இரண்டையும் ஓட்டிய யாரும் இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் "டூ ஸ்ட்ரோக்" என்ற வார்த்தை அந்த சி.சி.யோடு கூடவே வருகிறது. அதுவே ஓர் எச்சரிக்கைப் பலகை.

பந்தயக்காரர்களும் இதை ஒத்துக்கொண்டவர்கள்தான். மோட்டோ ஜி.பி. 2002இல் ஆரம்பித்தபோது 500 சி.சி. டூ ஸ்ட்ரோக் பைக்குகளோடு 990 சி.சி. வரை ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளை ஒரே பந்தயத்தில் ஓட விட்டார்கள். ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆக டூ ஸ்ட்ரோக் உதாரணம் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. ரோட்டரிக்கு அப்படி ஓர் எச்சரிக்கைப் பலகை இல்லை. கம்பெனியின் விவரத் தாளில் 654 × 2 என்று நேர்மையாகத்தான் இருக்கும். அது வாய்வழியாக ஊர் சுற்றி வரும்போது வெறும் 1.3 ஆகிவிடுகிறது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

எண்ணில் என்ன இருக்கிறது, வண்டி ஓடினால் சரி என்று விட்டுவிட முடியாது. சி.சி. என்பது வரி, பந்தயம், விருது மூன்றிலும் காசும் மானமும் சம்பந்தப்பட்ட எண்.

ஜப்பானில் ஆண்டுதோறும் கட்டும் கார் வரி சி.சி.யைப் பொறுத்தது. 2019 அக்டோபருக்கு முன் பதிவான சொந்தக் கார்களுக்கான அடிப்படை வரி, ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை 34,500 யென், ஒன்றரை முதல் இரண்டு வரை 39,500, இரண்டரை முதல் மூன்று வரை 51,000. ரோட்டரிக்கு அவர்கள் கம்பெனி சொல்லும் சி.சி.யை 1.5ஆல் பெருக்குகிறார்கள். 1308 × 1.5 = 1962. ஆக 39,500 யென். 1.3 என்று நம்பியிருந்தால் 5,000 குறைவு, 2.6 என்று வைத்திருந்தால் 11,500 அதிகம். வரி அதிகாரிகளே 1.3ஐ நம்பவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே சமயம் 2.6க்கும் போகவில்லை, நடுவில் ஒரு பேரம். இழுக்கும் காற்றுக்கு வரி போடாமல், கிடைக்கும் வேலைக்கு வரி போட்ட மாதிரி, ஹோண்டா எஸ்-2000 இருக்கும் அதே படியில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். வரிக்கு இது நியாயமாக இருக்கலாம். ஆனால் அளவு என்று கேட்டால் 1962 சி.சி. என்பது அந்த எஞ்சினில் எங்குமே இல்லாத ஒரு எண்.

விருது கொடுப்பவர்கள் துணிச்சல்காரர்கள். 2003இல் சர்வதேச எஞ்சின் விருது ஆர்.எக்ஸ்-8 எஞ்சினுக்குக் கிடைத்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அளவு வாரியான விருதையும் வாங்கியது. எந்தப் பிரிவில் தெரியுமா? இரண்டரை முதல் மூன்று லிட்டர் பிரிவில்! சின்ன எஞ்சின்களோடு மோத விட்டால் அநியாயம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பந்தய விதிகளில் ஒரு காலத்தில் இரண்டு மடங்கு, இன்னொரு காலத்தில் 1.8 மடங்கு என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். ஆனால் ரோட்டரியின் மிகப் பெரிய வெற்றி வந்த இடத்தில் இந்தச் சண்டையே கிடையாது. 1991 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நான்கு ரோட்டர் கொண்ட மாஸ்டா 787பி முதலிடம். கம்பெனிக் கணக்கில் 2.6 லிட்டர், சுமார் 700 குதிரை. அதற்குப் பின்னால் வந்த ஜாகுவார்கள் 7.4 லிட்டர் வி-12. மெர்சிடிஸ் 5 லிட்டர் டர்போ. இவை எல்லாம் எப்படி ஒன்றாக ஓடின? அந்த குரூப் சி வண்டிகளுக்கு சி.சி. வரம்பு கிடையாது, பந்தயம் முழுவதற்கும் இவ்வளவுதான் எரிபொருள் என்று வரம்பு. இவ்வளவு பெட்ரோல் தருகிறேன், இதற்குள் யார் அதிக தூரம் போகிறீர்கள் என்று பார்ப்போம் என்பதுதான் கேள்வி. மாஸ்டாவுக்கு எடையில் சலுகை இருந்தது உண்மை. ஜாகுவாருக்கு 1000 கிலோ, மாஸ்டாவுக்கு 830. ஆனாலும் அளப்பதற்கு அது நேர்மையான முறை. ஜெயித்ததால்தான் ரோட்டரியைத் தடை செய்தார்கள் என்ற கதையையும் இங்கேயே அடக்கம் செய்துவிடலாம். 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சினுக்கு எல்லோரும் மாற வேண்டும் என்ற முடிவு அந்தப் பந்தயத்துக்கு முன்பே எடுத்தது.

நம் நாட்டுக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. இங்கே பெட்ரோல் கார் 1200 சி.சி.க்குள்ளும் 4 மீட்டர் நீளத்துக்குள்ளும் இருந்தால்தான் சிறிய கார் வரி. எம்.எக்ஸ்-30 காரில் வந்த ஒற்றை ரோட்டர் எஞ்சின் கம்பெனிக் கணக்கில் 830 சி.சி. நாளைக்கே அந்த எஞ்சின் நேராகச் சக்கரத்தை ஓட்டும் ஒரு குட்டிக் காரில் இங்கே வந்தால் என்ன செய்வோம்? 830 என்றால் சிறிய கார். ஜப்பான் போல 1.5ஆல் பெருக்கினால் 1245, கோட்டைத் தாண்டிவிட்டது. இரண்டால் பெருக்கினால் 1660. ஒரே இரும்புத்துண்டு, எந்த எண்ணை எழுதுகிறோம் என்பதை வைத்து லட்சக் கணக்கில் விலை மாறும்.

முடிவாக...

1.3 என்ற எண் இரண்டு பொய்களைப் பெற்றுப் போட்டிருக்கிறது. ரசிகர்கள் "1.3 லிட்டரில் 250 குதிரை, உலக அதிசயம்" என்கிறார்கள். எதிரிகள் "1.3 லிட்டர் வண்டி, லிட்டருக்கு ஏழரை கிலோமீட்டர்தான் கொடுக்கிறது, உலக மகா கேவலம்" என்கிறார்கள். (அமெரிக்க அரசின் அளவீட்டில் மேனுவல் கியர் ஆர்.எக்ஸ்-8க்கு கேலனுக்கு 18 மைல். கிலோமீட்டருக்கு மாற்றினால் அவ்வளவுதான் வரும்.) இருவரும் பேசுவது ஒரே தப்பான எண்ணை வைத்து. 2.6 லிட்டர் என்று சொல்லிப் பாருங்கள். அதிசயமும் காணாமல் போகும், கேவலமும் பாதி காணாமல் போகும். 2.6 லிட்டர் எஞ்சின் 250 குதிரை தந்து, அதற்குத் தகுந்த பெட்ரோலைவிடக் கொஞ்சம் கூடக் குடிக்கிறது, அவ்வளவே.

அப்படிச் சொன்னால்தான் அதன் நிஜமான பெருமையும் தெரியும். 2.6 லிட்டர் காற்றை இழுக்கும் ஒரு எஞ்சின் இவ்வளவு சின்ன இடத்தில் அடங்குகிறதே, வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை, மேலும் கீழும் குதிக்கும் பிஸ்டன் இல்லை, 9000 வரை சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறதே, அதுதான் வாங்கெலும் பாஷ்கேயும் மாஸ்டாவும் செய்த சாதனை. சி.சி.யைக் குறைத்துச் சொல்லி அந்தச் சாதனையைக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. ஒர்க்‌ஷாப்பில் பேசும்போது 654 × 2 என்று சொல்லுங்கள், அது பாகத்தின் அளவு. பாடப்புத்தகத்துக்கு 3.9 என்று எழுதினால் யாரும் மார்க்கைக் குறைக்க முடியாது, மூன்று சுற்றுக்கு என்று சேர்த்து எழுதுங்கள். வேறொரு காரோடு ஒப்பிட்டு வாய் திறந்தால் மட்டும் 2.6 என்று சொல்லுங்கள். யாராவது ஒரு எண்ணை மொட்டையாகச் சொன்னால், அது ரோட்டரியோ சம்பளமோ ஜி.டி.பி.யோ, "எத்தனை சுற்றுக்கு?" என்று ஒரு தடவை கேட்டு வையுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

டிஸ்கி: 3.9 கட்சிக்காரர்கள் கணக்கோடு வந்தால் விவாதத்துக்குத் தயார். ஆட்டோவில் ஆள் அனுப்ப வேண்டாம். அனுப்பினால், அந்த ஆட்டோ டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று முதலில் சொல்லிவிடுங்கள் :-)